ஜாகா அக்காவின் வரலாற்றுத் தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. பாலிக் புலாவில் உள்ள ஓர் அரசாங்க இடைநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியர் நான். கூடவே கட்டொழுங்கு ஆசிரியர். புவனேஸ்வரன் என்ற என் பெயரைப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் மட்டும்தான் எழுதுவார்கள். மற்ற நேரத்தில் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது. ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் மலைப்பாதையில் காரை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு வந்து சேரும்போதே எனக்குப் பாதிக் கோபம் வந்திருக்கும். மீதியை நேரம் கழித்து வரும் பிள்ளைகள் கொடுத்துவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, எங்கள் பள்ளியின் காவலாளி புஷ்பவள்ளியைப் பற்றி. காவலாளியை இங்கே ஜாகா என்போம். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாருக்கும் அவர் 'ஜாகா அக்கா'. வயது முப்பது. அவருடைய சீருடைச் சட்டை யாரோ ஒரு பெரிய ஆளுக்குத் தைத்தது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பார்.

அவர் இந்த ஊர்க்காரர்தான். அப்பா ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தவர். புஷ்பவள்ளி படித்ததும் இதே பள்ளியில்தான். 2013-இல் ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுதினார். மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் என்ற விதி முதன்முதலில் வந்தது அந்த ஆண்டில்தான். புஷ்பவள்ளிக்குக் கணக்கில் A. மற்ற பாடங்களிலும் தேறிவிட்டார். வரலாற்றில் மட்டும் G, அதாவது தோல்வி. ஒரு பாடம் போனதால் சான்றிதழே இல்லை என்றாகிவிட்டது. ஓர் ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் தப்பித்திருப்பார், பாவம்.

அதற்குப் பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிப் போனார். எட்டு வருடம். இடையில் லோகேஸ்வரனோடு கல்யாணம், தனுஜா என்று ஒரு பெண் குழந்தை. தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் சேர்ந்து எங்கள் பள்ளி வாசலுக்கே ஜாகாவாக வந்தார். தான் படித்த பள்ளிக்கூடத்தின் கதவைத் தானே திறந்து மூடுகிற வேலை. அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

இனி என் சட்டத்தைச் சொல்கிறேன். காலை ஏழு இருபத்தைந்துக்கு வாசல் கதவு மூடப்படும். அதன் பிறகு வருகிறவர்கள் ஜாகா கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள கொட்டகையில் நிற்க வேண்டும். நான் வகுப்புகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏழு ஐம்பதுக்கு வருவேன். பெயர் எழுதி, திட்டி, தண்டனை கொடுத்து உள்ளே அனுப்புவேன்.

இந்த ஆண்டு பள்ளி திறந்த புதிதில் ஒரு நாள், கொட்டகையில் நின்ற பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். புஷ்பவள்ளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சும்மா நின்னுக்கிட்டு கதை பேசுறாங்க சார். அதான் செஜாரா புக்க வாசிக்கச் சொன்னேன்" என்றார். செஜாரா என்றால் மலாயில் வரலாறு.

எனக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தோன்றாத தண்டனை. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். 'அறிவு வேலி' என்று மலாயில் ஒரு பெயர் வைத்து, ஒரு பேனர் அடித்து, நான் புத்தகத்தோடு நிற்பதுபோல் போட்டோ எடுத்து, ஆசிரியர் கூட்டத்தில் என் திட்டம் என்று அறிக்கை வாசித்தேன். கைதட்டினார்கள். புஷ்பவள்ளியின் பெயர் அந்த அறிக்கையில் எங்கும் இல்லை.

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கணக்கு தவறத் தொடங்கியது. தினமும் எட்டுப் பேர் தாமதமாக வந்த இடத்தில் பதினைந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இருபத்திரண்டு, அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று. எங்கள் ஊரில் டுரியான் காலத்தில் இப்படி நடப்பதுண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த ஒரு மாதம் நானும் கண்டுகொள்ளமாட்டேன். ஆனால் டுரியான் விழ இன்னும் ஒரு மாதம் இருந்தது.

எங்கள் முதல்வர் புவான் சித்தி ஹாஜரா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "உங்கள் திட்டம் வந்த பிறகு தாமதம் நாலு மடங்கு ஆகியிருக்கிறதே, இது என்ன மாதிரியான வேலி?" எனக்கு மூஞ்சி செத்துப்போய்விட்டது.

மறுநாள் ஆறரை மணிக்கே வந்து, பள்ளிக்கு எதிரே சிக்கந்தர் நடத்தும் ரொட்டிச் சானாய் கடையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஏழு பத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கடையில் உட்கார்ந்தார்கள். தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் குடித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தார்கள். எதிரே கதவு விரியத் திறந்து கிடக்கிறது, ஒருவனும் அசையவில்லை. ஏழு இருபத்தைந்துக்குப் புஷ்பவள்ளி கதவை மூடினார். உடனே எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். கதவு மூடும்வரை காத்திருந்து தாமதமாகப் போகும் பிள்ளைகளை என் பத்தொன்பது வருட உத்தியோகத்தில் நான் கண்டதில்லை.

பின்னாலேயே போனேன். கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜாகா அக்கா. சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இந்தப் பெண் முதல் பாடத்தைக் கெடுக்கிறார், என் பேனருக்குக் கீழேயே உட்கார்ந்து என்னைக் கேலிக்கூத்தாக்குகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போட்டோ எடுத்துப் பாதுகாப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் பக்கிரிசாமிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "உங்கள் ஜாகா பிள்ளைகளை வகுப்புக்கு விடாமல் வாசலில் கூட்டம் போடுகிறார். ஆளை மாற்றுங்கள்." இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "ஓகே சார். திங்கட்கிழமை வேறு ஆள்."

பிள்ளைகளைக் கத்தி உள்ளே அனுப்பிவிட்டு நிம்மதியாக வகுப்புக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை.

முதல் இடைவேளையில் ஷாஹிரா என் அறைக்கு வந்தாள். ரொட்டிச் சானாய் கடை சிக்கந்தரின் மகள், ஐந்தாம் படிவம். பள்ளிக்கு எதிரே வீடு, அவள்தான் தினமும் தாமதம். கடையில் காலைக் கூட்டம் குறைந்த பிறகுதான் வருவாள். திட்டித் திட்டி எனக்கே சலித்துப்போயிருந்தது.

"சார், ஜாகா அக்காவ பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவானுக்கு மாத்திட்டாங்களாம். நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"அக்காவுக்கு செஜாரா பரீட்சை இருக்கு சார். எஸ்.பி.எம். மறுதேர்வு. இன்னும் அஞ்சு வாரம்தான் லா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே உட்காராமல் நின்றபடி சொன்னாள். முதலில் அவர்களும் அதைத் தண்டனை என்றுதான் நினைத்தார்களாம். ஒரு நாள் ஷாஹிரா மலாயன் யூனியன் அமைந்தது 1948 என்று அசட்டையாக வாசித்திருக்கிறாள். ஜாகா அக்கா உடனே, "நாப்பத்தாறு. ஒழுங்கா வாசி" என்றிருக்கிறார். வாசல் காக்கிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று இவள் விடாமல் நச்சரிக்க, மூன்றாவது நாள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாராம்.

"பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டுப் போயி, சமைச்சு, பாப்பாவ தூங்க வெச்சிட்டு புக்க தொறந்தா கண்ணு சொருகுதாம் சார். காதால கேட்டா மறக்கமாட்டாங்களாம். அதான் எங்கள வாசிக்க விட்டாங்க. தெரிஞ்சதும் நாங்களே பிரிச்சுக்கிட்டோம். ஃபோம் ஃபோர் புக்குல பத்து சாப்டர், ஃபோம் ஃபைவ்ல பத்து சாப்டர். எங்க கிளாஸ் கோகிலன் கேள்வி கேப்பான். பாங்னு ஒரு சீனப் பையன், அவன் ஆண்டெல்லாம் அட்டையில எழுதிட்டு வருவான்."

"நல்ல விஷயம்தான். அதுக்கு முப்பது பேரும் தினம் லேட்டா வரணுமா?"

"லேட்டா வந்தாதானே சார் கேட்ல நிக்க விடுவீங்க?"

 அவள் சொன்னது முழுக்கச் சரி. பள்ளி வாசலில் ஒரு பிள்ளை இருபத்தைந்து நிமிடம் நிற்பதற்கு என் சட்டத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

வாசலுக்குப் போனேன். புஷ்பவள்ளி கூண்டுக்குள் நின்றுகொண்டு தன் சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு பழைய வரலாற்றுப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்.

"ஏம்மா, பரீட்சைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"டியூட்டி நேரத்துல படிக்கக் கூடாது சார். கம்பெனி ரூல்ஸ். சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயம்." புத்தகத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு, "உங்க மேல கோவம் இல்ல சார். தப்பு எம்மேலதான். பத்து காவான்ல ராத்திரி ஷிப்டாம். அவரும் லோரி ஓட்டுறாரு, பாப்பாவ யாரு பாத்துக்குவா? பரீட்சைய விட்டுடறேன் லா. பதிமூணு வருஷமா அந்த சர்ட்டிபிகேட் இல்லாமதானே இருக்கேன்" என்றார்.

"இப்ப எதுக்கு திடீர்னு சர்ட்டிபிகேட்?"

"ஏர்போர்ட்ல துணைப் போலீஸ் எடுக்கிறாங்க சார். எஸ்.பி.எம். இருந்தாதான் ஃபோர்மே வாங்குவாங்க. இங்க வருஷா வருஷம் கன்ட்ராக்ட். இந்தச் சட்டைகூட எனக்கு முன்னால இருந்த ஆளோடது. அங்க போனா என் பேரு தைச்ச சட்டை குடுப்பாங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் யோசித்த தண்டனையை எடுத்து என் திட்டம் என்று பேனர் அடித்தேன். அவருடைய பாடத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டம் என்று புகார் கொடுத்தேன். இரண்டுக்கும் சேர்த்து அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. "பையக் கீழ வைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கிரிசாமிக்குப் போன் போட்டேன்.

"என்ன சார் வெளையாடுறீங்களா? நீங்கதானே போட்டோலாம் எடுத்து அனுப்பினீங்க? ஆள் போட்டாச்சு. மாத்தணும்னா பள்ளிக்கூட லெட்டர்ல எழுதி, பெங்கெத்துவா சைன் வெச்சு, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க."

பெங்கெத்துவா என்றால் முதல்வர். ஆக, புவான் சித்தி ஹாஜராவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.  திட்டம் என்னுடையது இல்லை, தாமதம் ஏன் கூடியது, புகார் எப்படிப் போனது என்று வரிசையாகச் சொன்னேன்.  அவர் சுவரில் மாட்டியிருந்த என் பேனர் போட்டோவை ஒரு முறை பார்த்தார்.

"தாமதம் திங்கட்கிழமையோடு நிற்க வேண்டும்" என்றார் மலாயில். "கதவு ஆறே முக்காலுக்குத் திறக்கிறது. ஏழிலிருந்து ஏழு இருபதுவரை அந்தக் கொட்டகையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். அதற்கு நான் அனுமதி என்று கடிதத்தில் எழுதுங்கள். நேரம் பார்த்துத் தாமதமாக வரத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரவும் தெரியும்."

நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

"இருங்கள். திட்டம் உங்களுடையது என்று அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் பொறுப்பாசிரியரும் நீங்கள்தான். ஏழு மணிக்கு நீங்களும் அங்கே இருக்க வேண்டும்."

அந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன். பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ புகார்க் கடிதங்கள் எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் அரை மணி நேரம்கூட ஆனதில்லை. இதற்கு மதியம் முழுதும் போயிற்று. கடைசியில் சுருக்கமாகத்தான் முடிந்தது. 'புகார் என் அவசரத்தால் நேர்ந்த தவறு. புஷ்பவள்ளியின் மீது குற்றம் எதுவும் இல்லை. அவர் எங்கள் பள்ளிக்கு வேண்டும்.' முதல்வர் கையெழுத்துப் போட, நாலரைக்கு அனுப்பினேன். ஐந்தே காலுக்குப் பக்கிரிசாமி ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக அனுப்பினார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பினேன். பிள்ளைகள் வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஏழு மணிப் பள்ளி என்றால் வயிற்றுவலி வரும் பிள்ளைகள் அவர்கள். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொட்டகையில் நானும் புஷ்பவள்ளியும் மட்டும் நின்றோம். 

பிறகு ஷாஹிரா சாலையைக் கடந்து வந்தாள். கையில் தட்டு, தட்டில் தே. அவள் அப்பா கொடுத்தனுப்பியது. "வாப்பா சொன்னாரு, பரீட்சை முடியிற வரைக்கும் கடைய அவரே பாத்துக்குவாராம்" என்றாள். அவளுக்குப் பின்னால் கோகிலன், பாங், இன்னும் பலர். ஏழு ஐந்துக்கு எண்ணினேன், இருபத்தாறு பேர். பாங் ஓர் அட்டையை என்னிடம் நீட்டி, இதைத் தூக்கிப் பிடிங்கள் சார் என்றான். நான் பிடித்தேன். அன்று தாமதமாக வந்தவர்கள் மூன்றே பேர், மூன்று பேரும் உண்மையிலேயே தூங்கிவிட்டவர்கள்.

ஐந்து வாரமும் அப்படித்தான் போயிற்று. டுரியான் விழத் தொடங்கியதும் தோட்டத்துப் பிள்ளைகள் பழ வாசனையோடு ஓடி வந்தார்கள். புஷ்பவள்ளிக்குக் கூட்டரசு அமைப்புச் சட்டம் மட்டும் ஏறவே இல்லை. யாருக்கு எந்த அதிகாரம் என்பதில் குழம்பிக்கொண்டே இருந்தார். கோகிலன் கடைசியில் பள்ளியை வைத்தே விளக்கினான். முதல்வர் யார், ஆசிரியர் மன்றம் எது, மாணவர் தலைவர் எதைச் செய்யலாம், புவனேஸ்வரன் சார் எதைச் செய்யக் கூடாது என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். பொறுத்துக்கொண்டேன்.

பரீட்சை நாளன்று லோகேஸ்வரன் விடுப்பு எடுத்து மனைவியை மோட்டார் சைக்கிளில் ஜார்ஜ் டவுனுக்கு அழைத்துப் போனார். மறுநாள் வாசலில், "எப்படிம்மா?" என்று கேட்டேன். "எழுதிட்டேன் சார்" என்றார்.  பிள்ளைகள் சுற்றி நின்று குடைந்தும் அதே பதில்தான்.

முடிவுகள் வெளியான காலையில் அவரால் பார்க்க முடியவில்லை. அடையாள அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். பள்ளியில் மாணவர்களுக்குக் கைப்பேசி கூடாது, அதைப் பிடுங்குகிறவனும் நானே. அதனால் என் கைப்பேசியைச் சுற்றித்தான் இருபது தலைகள் குனிந்தன. எண்ணைப் போட்டேன். பக்கம் திறக்க ஒரு யுகம் ஆனது.

வரலாறு, C.

ஷாஹிரா கத்தினாள். "அக்கா! C வந்திருக்கு!"

புஷ்பவள்ளி திரும்பவில்லை. "C-ன்னா பாஸா சார்?"

"பாஸ் மட்டும் இல்லம்மா. கிரெடிட்."

அவர் அப்படியே கூண்டு வாசலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதின்மூன்று வருட அழுகை, யாரும் நிறுத்தப் பார்க்கவில்லை. ஷாஹிராவும் அழுதுகொண்டே, "இத்தன பேரு சொல்லிக் குடுத்தும் C-தானா" என்று சண்டை பிடித்தாள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. மணி அடித்தும் நான் யாரையும் வகுப்புக்கு விரட்டவில்லை.

மூன்று நாள் கழித்து அவர் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு என் அறைக்கு வந்தார். விமான நிலையத் துணைப் போலீஸ் வேலைக்கு. எல்லாக் கட்டங்களையும் தானே அழகாக நிரப்பியிருந்தார். ஒரு பகுதி மட்டும் காலி. விண்ணப்பிப்பவரை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர் நிரப்ப வேண்டியது.

"உங்க பேரு போட்டுக்கவா சார்?"

"நானா? உன்ன விரட்டப் பாத்தவன்மா நானு."

"எங்கம்பெனிக்கு என்னப் பத்தி ரெண்டு தடவ எழுதினது நீங்கதான் சார். வேற யாரும் எழுதினதில்ல. ரெண்டாவது நல்லா இருந்துச்சுன்னு பக்கிரிசாமி அண்ணன் சொன்னாரு."

பேனாவை எடுத்தேன். பெயர், பதவி, முகவரி எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்தில், விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். கை நின்றுவிட்டது. மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும் என் காருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர். ஒரு நாளாவது கண்ணாடியை இறக்கி, சாப்பிட்டாயா என்று நான் கேட்டதில்லை.

"மூணு வருஷம் சார்" என்று எடுத்துக்கொடுத்தார்.

நான் 'ஆறு மாதம்' என்று எழுதினேன்.

"ஏன் சார் கொறச்சிட்டீங்க? எடுக்காம விட்டுடப் போறாங்க."

"உண்மையத்தான்மா எழுதணும். கவலப்படாத, கீழ எழுத எடம் விட்டிருக்காங்க."

எப்படிப்பட்டவர் என்று எழுத ஆறு கோடுகள் விட்டிருந்தார்கள். அது போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதினேன்.